பெற்றோர் நினைவும் திறந்த கரையும்: கோட்டுகால் கடற்கரையை முன்வைத்து ஒரு சொற்பொழிவு

இறந்துபோன தாயையோ தந்தையையோ நினைத்து நீர்க்கரைக்குச் செல்லும் வழக்கம் தமிழரிடத்தும் மலையாளிகளிடத்தும் இரண்டு வடிவங்களில் காணப்படுகிறது. ஒன்று, குறித்த நாளில் குறித்த துறையில் செய்யப்படும் நீத்தார் கடன். அதற்கு நாளும் முறையும் மந்திரமும் வகுக்கப்பட்டிருக்கின்றன, செய்விப்பதற்கு ஆளும் இருக்கிறார். மற்றொன்று, எந்த முறையும் வகுக்கப்படாத பயணம். சிறுவயதில் விடுமுறை நாள்களில் பெற்றோர் கைப்பிடித்து அழைத்துச் சென்ற அதே கரைக்கு, அவர்கள் மறைந்த பின், வளர்ந்து நரைத்த பிள்ளைகள் தனியாகவோ தம் பிள்ளைகளோடோ சென்று சிறிது நேரம் நின்றுவிட்டு வருவது. முதல் வகைக்கு நூலும் புரோகிதரும் துணையிருக்க, இரண்டாம் வகைக்குத் துணையாக இருப்பது இடம் ஒன்றே ஆகும். ஆகவே அந்த இடம் எத்தகையது, அது எவ்வளவு காலம் நிற்கும், அங்கே சென்றடைய வழி இருக்கிறதா என்ற கேள்விகள் நில அளவையாளரையும் பொறியாளரையும் மட்டும் சேர்ந்தவை ஆகாமல், துக்கம் சுமப்பவர்களின் கேள்விகளாகவும் ஆகின்றன. கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த கோட்டுகால் ஊராட்சியின் கடற்கரையை முன்வைத்து அக்கேள்விகளை ஆராய்வதே இச்சொற்பொழிவின் நோக்கம். பெற்றோரின் நினைவைத் தாங்கக் கரைக்கு வல்லமை உண்டு, ஆயினும் மணல் வந்து போகும் உயிருள்ள கரையாகவும் யாவரும் நுழையக்கூடிய பொதுக் கரையாகவும் இருக்கும்வரைதான் அந்த வல்லமை நீடிக்கும் என்பது இங்கே முன்வைக்கப்படும் கருத்து.

கோட்டுகால், வடக்கே விழிஞத்துக்கும் தெற்கே நெய்யாறு கடலில் கலக்கும் பூவாறுக்கும் இடைப்பட்ட நிலத்தில் அமைந்த ஊர். அதன் உட்பகுதி தென்னையும் மரச்சீனியும் வாழையும் நிறைந்த மேட்டு நிலம். அந்த மேடு மேற்கே கடலை நெருங்கும் இடத்தில் செம்பூரான் கல் எனப்படும் செந்நிறப் பாறைப் படிவமாக, பல இடங்களில் செங்குத்தாக முடிகிறது. புளிங்குடி, ஆழிமலை, சொவ்வரை ஆகிய இடங்களில் மேட்டின் விளிம்பில் நிற்பவருக்குக் காலுக்குக் கீழே கரும்பாறைகளின்மேல் அலை மோதுவது தெரியும். சற்றுத் தெற்கே அடிமலத்துறையில் மேடு பின்வாங்க, மணற்கரை விரிந்து, கருங்குளம், புல்லுவிளை வழியாகப் பூவாறு வரை ஏறத்தாழ நேர்கோடாக நீள்கிறது. இந்தக் கரை சரிவு மிகுந்தது. சில அடிகள் இறங்கியதுமே ஆழம் தட்டும். விழிஞத்தை ஒட்டிக் கரைக்கு மிக அருகிலேயே கடல் 18 முதல் 20 மீட்டர் வரை இயற்கையாக ஆழ்ந்திருப்பதே அங்கே பெருந்துறைமுகம் அமைந்ததற்கு முதற்காரணம். குழந்தையின் மணிக்கட்டைத் தந்தை இறுகப் பிடித்திருந்த நினைவு இக்கரைக்கு வந்துபோனவர்களிடம் பொதுவாக இருக்குமானால், அதற்கு இந்தச் சரிவும் ஆழமுமே காரணம் எனக் கொள்ளலாம்.

இப்பகுதி எல்லைப் பகுதி. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது திருவிதாங்கூரின் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. அவ்வாறு சேர்க்கத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கோரிய பகுதிகளில் இடம்பெற்றிருந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. அருகருகே இருந்த களியக்காவிளையும் பாறசாலையும் இரு மாநிலங்களைச் சேர்ந்தன. கடலோரத்தில் நீரோடி சென்னை மாநிலத்திலும் பொழியூர் கேரளத்திலும் ஆயின. ஆனால் பெண் கொடுத்ததும் எடுத்ததும் எல்லைக்கல்லைக் கருதாமல் தொடர்ந்தமையால், தாய்வீடு ஒரு மாநிலத்திலும் தந்தைவீடு மற்றொரு மாநிலத்திலுமாக வளர்ந்த தலைமுறைகள் இங்கே உண்டு. அவர்களுக்கு விடுமுறை என்பது எல்லை தாண்டுவதாகவே இருந்தது. அதற்கும் முன்பு, 1860இல் தொடங்கப்பட்ட அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் பூவாற்றிலிருந்து தெற்கு நோக்கிக் கடலோரமாகச் சென்று, திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியால் இணைக்கும் திட்டத்தின் ஒரு பகுதியாக வெட்டப்பட்டது. திட்டம் முழுமை பெறவில்லை, வெட்டிய பகுதியும் பெரும்பாலும் தூர்ந்துவிட்டது. அக்கால்வாய் இன்று ஓடியிருந்தால் இக்கடலோர ஊர்களின் உறவு வேறுவிதமாக இருந்திருக்கும் என்ற எண்ணம் அதன் வறண்ட தடத்தைப் பார்ப்பவர் எவருக்கும் எழும்.

கடலோர விடுமுறை என்ற கருத்தே ஐரோப்பியரிடமிருந்து வந்தது என்று சொல்லப்படுவதுண்டு. அறை எடுத்துத் தங்கி, உடல்நலத்துக்காகக் கடற்காற்று வாங்கி, வெயிலில் படுத்திருக்கும் வழக்கத்தைப் பொறுத்தவரை அது சரியே. ஆயினும் நெய்யாற்றின்கரை, விளவங்கோடு வட்டங்களின் உள்ளூர்க் குடும்பங்களுக்குக் கடலோர நாள் என ஒன்று அதற்கு வெகுமுன்பே இருந்தது. அது திருவிழாவோடும் நீத்தார் கடனோடும் பிணைந்திருந்தது. மாசி மாதத்தில் மண்டைக்காட்டுப் பகவதியம்மன் கொடை விழாவுக்குத் தமிழரும் மலையாளிகளுமான பெண்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சென்று, கடலில் கால் நனைத்து, கரையில் சோறுண்டு திரும்பினர். கர்க்கடக வாவு எனப்படும் நாளில், அதாவது மலையாளக் கர்க்கடக மாதத்து அமாவாசையாகிய, தமிழர் ஆடி அமாவாசை என அறியும் நாளில், குடும்பங்கள் திருவல்லம், சங்குமுகம், வர்க்கலை, நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புறம் ஆகிய இடங்களிலும் சிறு கடலோரக் கோயில்களிலும் கூடின. கடலோரக் கத்தோலிக்க ஊர்களில் பங்குத் திருவிழாவே ஆண்டின் பெரிய விடுமுறையாக இருந்தது. இவை எதிலும் கடலைப் பார்ப்பது தனி நோக்கமாக இருந்ததில்லை. ஆனால் குழந்தைகள் பார்த்ததும் பிற்காலத்தில் நினைவில் நின்றதும் கடலையே.

வாவு நாளின் சடங்கு நினைவின் பொருட்டு எவ்வளவு நுட்பமாக அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சற்றே நெருங்கிப் பார்ப்பது தகும். ஈர உடையோடு கிழக்கிலும் தெற்கிலும் முறைப்படி மாறி அமர்ந்து, தர்ப்பையில் முடிந்த மோதிரத்தை விரலில் இட்டு, வாழையிலைத் துண்டில் வைத்த சோற்றுருண்டையின்மேல் எள்ளும் துளசியும் தூவி நீர் வார்த்தபின், கடன் செய்பவர் அந்த இலையைத் திறந்த இடத்தில் வைத்துவிட்டு, நனைந்த உள்ளங்கைகளைச் சேர்த்துத் தட்டிக் காகத்தை அழைக்கிறார். வறண்ட கையின் தட்டலுக்கும் ஈரக் கையின் தட்டலுக்கும் ஒலியில் வேறுபாடு உண்டு. ஈரக் கையின் ஒலி தடித்து, கனத்து எழும். ஆயிரக்கணக்கானோர் கூடும் கரையில் விடியற்காலை முழுவதும் அவ்வொலி கேட்டுக்கொண்டே இருக்கும். காகம் வரத் தாமதித்தால் பெரியவர்கள் கலங்குவதும், வந்து கொத்தியதும் முகம் தெளிவதும் குழந்தைகளின் கண்ணுக்குத் தப்புவதில்லை. அன்று தாத்தாவுக்காகத் தந்தை கைதட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்த சிறுவன், பல ஆண்டுகளுக்குப் பின் அதே கரையில் தந்தைக்காகத் தானே கைதட்டுகிறான். விடுமுறையின் மகிழ்ச்சியும் நீத்தாரின் நினைவும் ஒரே மணலில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருப்பதால், பெற்றோரை நினைக்கக் கடற்கரைக்குச் செல்லும் தனிப்பட்ட பயணம் இம்மண்ணில் புதிதாக முளைத்த ஒன்று ஆகாது. பழைய வழக்கத்தின் தளர்ந்த, சொந்தமான வடிவம் என்றே அதைக் கருத வேண்டும்.

சடங்கில்லாத சாதாரண நாள்களில் கரைக்கு வந்த உள்நாட்டுக் குழந்தைகளுக்குப் பெரும் காட்சியாக இருந்தது கரைமடி. கரைமடி என்பது கரையில் நின்றபடியே இழுக்கப்படும் பெருவலை. பிற தமிழ்க் கடலோரங்களில் இது கரைவலை என்றும் கம்பாவலை என்றும் அறியப்படும். நடுவில் மடி எனப்படும் நெருங்கிய கண்ணுள்ள பையும், இருபுறமும் நீண்ட சிறகுகளும், அவற்றின் நுனியில் மிக நீளமான வடங்களும் கொண்ட இவ்வலையின் ஒரு வடத்து நுனியைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளம் அரைவட்டமாகக் கடலுக்குள் சென்று வலையை இறக்கி, மறு வடத்தோடு கரையின் வேறொரு புள்ளியில் வந்து சேரும். அதன்பின் இரு கூட்டத்தார் இரு வடங்களையும் பிடித்து, குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னோக்கிச் சாய்ந்து, ஒருவர் குரல் எடுக்க மற்றவர் ஏற்றுச் சொல்ல, அடி அடியாக இழுத்தபடியே ஒருவரையொருவர் நெருங்குவர். மடி கரையேறும்போது நெத்திலியும் சாளையும் அயிலையும் கணவாயும் துள்ளும். வடத்தின் கடைசியில் கைவைத்த குழந்தைக்கும் ஒரு கை மீன் கொடுத்தனுப்பும் தாராளம் கரைக்கு உண்டு. வடத்தின் சொரசொரப்பு, மணலில் புதையும் குதிகால், தந்தையின் முழங்கை அசைவு எனக் கடற்கரையை உடலால் அறிந்த நினைவு, கண்ணால் மட்டும் பார்த்துப் பெற்ற நினைவைவிட ஆழமாகப் பதிவது இயல்பே.

இதே கடலோரத்தில், கோட்டுகாலுக்குச் சில கிலோமீட்டர் வடக்கே, கடலோர ஓய்வில்லம் என்ற முற்றிலும் வேறான மரபும் உருவாயிற்று. 1924 முதல் 1931 வரை திருவிதாங்கூரை ஆட்சிப் பொறுப்பாளராக ஆண்ட சேது லட்சுமி பாயின் கணவர் ராம வர்ம வலிய கோயித்தம்புரான், 1932இல் கோவளத்துக் குன்றின்மேல் ஹால்சியன் காஸில் எனப்படும் மாளிகையைக் குடும்பத்தின் ஓய்வுக்காகக் கட்டினார். அரசமரபினரின் பொழுதுகள் கோயிலாலும் சடங்காலும் கட்டுண்டிருந்த காலத்தில், பிள்ளைகளோடு கடலைப் பார்த்து அமர்வதற்கென ஒரு வீடு எழுந்தது கவனிக்கத்தக்க மாற்றம். பின்னர் அக்குடும்பம் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தது. மாளிகை 1964இல் அரசின் கைக்கு வந்தது. அதை ஒட்டிய நிலத்தில் சார்லஸ் கொரியா வடிவமைத்த விடுதி 1970களில் எழுந்தது. பிற்காலத்தில் அந்த வளாகம் தனியார் விடுதி நிறுவனங்களிடம் கைமாறியது. கட்டடம் நிற்கிறது, ஆனால் அங்கே குழந்தைப் பருவத்தைக் கழித்தவர்களோ அவர்களுடைய வழித்தோன்றல்களோ இன்று சென்றால் விருந்தினராகவே செல்ல வேண்டும். சுவர் கட்டிப் பாதுகாத்த இடம் கைமாறும்போது நினைவுக்கான உரிமையும் சேர்ந்தே கைமாறிவிடுகிறது என்பதை இந்த மாளிகையின் வரலாறு காட்டுகிறது. சுவரே இல்லாத கரையில் வடம் பிடித்த குடும்பங்கள், நினைவைப் பொறுத்தவரை, அரண்மனைக் குடும்பத்தைவிடப் பாதுகாப்பான செல்வம் உடையவர்களாக இருந்தனர்.

தந்தையின் மறைவையும் இடத்தின் இழப்பையும் சேர்த்து எண்ணும் தமிழ்ப் பாட்டு மிகப் பழையது. புறநானூற்றின் 112ஆம் பாட்டு, பறம்பு மலையை ஆண்ட பாரியின் மகளிர் பாடியது. தந்தையும் குன்றும் தங்களுடையனவாக இருந்த ஒரு நிலாநாளையும், இரண்டும் இல்லாத மற்றொரு நிலாநாளையும் அது அருகருகே வைக்கிறது. அவர்கள் பறம்பு மலைக்குத் திரும்பிச் செல்லவில்லை. செல்ல இயலாத நிலையில் பாடினர். பாரியின் நண்பரான புலவர் கபிலரும் அம்மலையைப் பிரிந்து, தொலைவிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தே பாடினார். அங்கே மலை அழியவில்லை, உரிமை அழிந்தது. இலக்கண நூலார் நெய்தலுக்கு, அதாவது கடலுக்கும் கடல்சார்ந்த நிலத்துக்கும், இரங்கலை உரிப்பொருளாக, அந்நிலத்துக்குரிய உணர்வாக, வகுத்தனர். அது பிரிந்த காதலரைக் குறித்த இரங்கல் என்றாலும், வந்து வந்து மீளும் அலையின் முன்னால் மனித மனம் காத்திருப்பையே உணர்கிறது என்ற அவதானிப்பு பெற்றோரை இழந்தவருக்கும் பொருந்தும். மலையும் மரமும் வீடும் நின்ற இடத்தில் நிற்பவை. கரை அப்படி நிற்பதில்லை என்பதே அதன் தனித்தன்மை.

அந்த நிலையாமை வெறும் உவமைப் பொருளாக நின்றுவிடுவதில்லை; ஆண்டுதோறும் கண்முன் நிகழ்வது. தென்மேற்குப் பருவக்காற்று சூனில் தொடங்கியதும் உயர்ந்த அலைகள் கரை மணலை வாரிக்கொண்டு சென்று சற்றே ஆழமான பகுதியில் மணல் திட்டாகப் போடுகின்றன. அம்மாதங்களில் அடிமலத்துறை போன்ற இடங்களில் கரை குறுகிச் செங்குத்தாகும். மழைக்காலம் ஓய்ந்து கடல் அடங்கியதும், தாழ்ந்த நீண்ட அலைகள் அதே மணலைச் சிறிது சிறிதாகத் திரும்பக் கொண்டுவந்து கரையில் சேர்க்கின்றன. பூவாற்றில் இந்த இயக்கம் இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே பொழி எனப்படும் முகத்துவாரம், அதாவது ஆறு கடலைச் சந்திக்கும் வாய், மணல் திட்டால் அடைபடுவதும், ஆற்றில் வெள்ளம் மிகும்போது உடைந்து திறப்பதும், திறக்கும் இடம் அவ்வப்போது விலகுவதும் ஊரார் நன்கு அறிந்தவை. ஆகவே ஏப்ரல், மே மாத விடுமுறையில் தந்தை நின்ற மணல், அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே அடுத்த சூலையில் கடலுக்குள் சென்று திரும்பி வந்ததாகும். இருபது ஆண்டுகள் கழித்து வரும் மகள் தேடுவது அதே மணலை என்றால் அது எப்போதுமே அங்கே இருந்ததில்லை. திரும்பி வரும் அந்த ஒழுங்கைத் தேடுகிறாள் என்றால் அது இருக்கிறது, கரையை விட்டுவைத்தால்.

நிலையற்ற பரப்பில் நிலையான இடத்தைக் கண்டறியும் அறிவு இக்கடலோர மக்களிடமே இருக்கிறது. கடலடியில் பாறைத் திட்டுகள் உள்ள, மீன் கூடும் இடத்தைப் பார் என்பர். மேற்பரப்பில் எந்த அடையாளமும் இல்லாத அந்தப் பாரைக் கண்டறிய, மீனவர் கரையை நோக்கித் திரும்பி, அருகிலுள்ள ஓர் அடையாளத்தையும் தொலைவிலுள்ள ஓர் அடையாளத்தையும் ஒரே நேர்கோட்டில் வரும்படி பார்க்கின்றனர். ஒரு தேவாலயக் கோபுரம் தொலைவிலுள்ள மலையின் ஒரு மடிப்போடு பொருந்துவது ஒரு கோடு, விழிஞத்துக் கலங்கரை விளக்கம் வேறொரு குன்றோடு பொருந்துவது மற்றொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் கல்லைக் கட்டி வள்ளத்தை நிறுத்துகின்றனர். இதைக் கணியம் பார்த்தல் என்பர். விழிஞம் கலங்கரை விளக்கம் 1972இல்தான் எழுந்தது. அதற்கு முந்திய தலைமுறையினருக்குத் தென்னந்தோப்பும் குன்றும் கோபுரமும் போதுமானவையாக இருந்தன. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடமும் அதைச் சூழ்ந்த மலைத்தொடரும் தெளிந்த காலையில் கடலிலிருந்து தெரியும். எந்தப் பாருக்கு எந்தக் கணியம் என்பதைத் தந்தை மகனுக்கு வாய்மொழியாகச் சொல்லிக்கொடுத்தார். அதுவே வள்ளத்தைவிட மதிப்புடைய சொத்தாகக் கருதப்பட்டது. கடலில் தந்தையின் பார்மேல் நிற்கும் மகன் தந்தையின் கண்கள் பார்த்த இரண்டு கோடுகளையே தானும் பார்க்கிறான். பெற்றோர் நினைவு இவ்வளவு துல்லியமாக ஓர் இடத்தோடு பொருந்தும் வேறு வழக்கத்தைக் காண்பது அரிது. செயற்கைக்கோள் இடங்காட்டிக் கருவிகள் வந்தபின் கணியத்தின் பயன் குறைந்துவிட்டது. இளைஞர்களில் பலர் அதைக் கற்கவில்லை. கருவி பாரை எளிதில் காட்டும் என்பது உண்மையே, எனினும் அறிந்த முதியோர் உள்ளபோதே அக்கணியங்களை எழுதிவைக்காமல் விடுவது பெரும் இழப்பாகும்.

கடலோரக் குடும்பங்களின் நினைவு உள்நாட்டாரின் நினைவிலிருந்து மற்றொரு வகையிலும் வேறுபடுகிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் தென்கேரளத்தையும் கன்னியாகுமரி மாவட்டத்தையும் தாக்கியபோது, ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை உரிய நேரத்தில் சென்று சேராமையால் நூற்றுக்கணக்கான மீனவர் உயிரிழந்தனர். அவர்களில் பலருடைய உடல்கள் கிடைக்கவே இல்லை. பூந்துறை, விழிஞம், அடிமலத்துறை, பூவாறு, பொழியூர் முதலாக எல்லைக்கு அப்பால் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை வரை ஒரே துக்கம் இரு மாநிலங்களையும் மூடியது. காணாமற்போன ஒருவரைப் பற்றி 7 ஆண்டுகள் செய்தியில்லையென்றால்தான் இறந்ததாகச் சட்டம் ஊகிக்கும். அவ்வளவு காலம் காத்திருக்க இயலாத குடும்பங்களுக்காக அரசுகள் தனி ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. ஆவணம் கிடைத்தது; கல்லறை கிடைக்கவில்லை. நவம்பர் 2ஆம் நாள், கத்தோலிக்கர் அனைத்து ஆன்மாக்களின் நினைவு நாளாகக் கொண்டாடும் அந்நாளில், மணற்பாங்கான கல்லறைத் தோட்டங்களில் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்துச் செபிக்கும்போது, அந்த வீடுகளின் பிள்ளைகளுக்கு வைப்பதற்கு இடம் கடற்கரையே. தந்தையோடு விளையாடிய இடமும், தந்தை புறப்பட்டுச் சென்ற இடமும், தந்தையை நினைக்கும் இடமும் அவர்களுக்கு ஒன்றுதான். கரையைப் பற்றிய எந்தத் திட்டத்திலும் இவர்களின் உரிமை முதலில் எண்ணப்பட வேண்டும்.

ஆனால் கரை பல முனைகளில் மாறிக்கொண்டிருக்கிறது. சொவ்வரை மேட்டில் 1980களின் நடுப்பகுதி முதல் ஆயுர்வேத விடுதிகள் வளர்ந்து, உலகெங்கிலுமிருந்து சிகிச்சைக்கு வருவோரை ஈர்த்தன. ஊராருக்கு வேலையும் கிடைத்தது, மேட்டின் விளிம்பில் வேலிகளும் எழுந்தன. ஆழிமலையில் பாறைமேல் அமைந்த சிவன் கோயிலில் தேவதத்தன் என்ற சிற்பி ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கிய 58 அடி உயரக் கங்காதரேசுவரர் சிற்பம் 2020 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டது. அதன்பின் உள்ளூரார் மட்டும் அறிந்திருந்த அந்தப் பாறைமுனை பெருங்கூட்டம் வரும் தலமாயிற்று. சிறுவயதில் பெற்றோரோடு ஆளரவமற்ற பாறையில் அமர்ந்தவர்களுக்கு இது இழப்பாகத் தோன்றலாம்; இன்று தம் பிள்ளைகளோடு அச்சிற்பத்தின் முன் நின்று படமெடுத்துக்கொள்ளும் குடும்பங்களுக்கோ இதுவே நாளைய நினைவு. இவ்வகை மாற்றத்தைக் குறை சொல்வதற்கில்லை, ஏனெனில் இங்கே வழி அடைபடவில்லை, திறந்திருக்கிறது.

துறைமுகம் வேறு வகை. விழிஞம் பன்னாட்டுத் துறைமுகத்தின் கட்டுமானம் 2015 டிசம்பரில் தொடங்கியது; 2024 சூலையில் முதல் பெரும் சரக்குப் பெட்டகக் கப்பல் வந்தடைந்தது; 2025 மே 2 அன்று துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமுள்ள அலைதடுப்புச் சுவர் கடலுக்குள் நீண்டு நிற்கிறது. பருவத்துக்குப் பருவம் கரையோரமாக நகரும் மணலின் பாதையில் இத்தகைய பெருஞ்சுவர் எழுந்தால் ஒருபுறம் மணல் சேர்வதும் மறுபுறம் அரிப்பதும் கடலியலில் நன்கு அறியப்பட்டவை; எனினும் திருவனந்தபுரம் கடலோரத்தில் நிகழும் அரிப்பில் துறைமுகத்தின் பங்கு எவ்வளவு என்பதில் மீனவருக்கும் துறைமுகத் தரப்புக்கும் இடையே கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. 2022 ஆகஸ்டு முதல் டிசம்பர் தொடக்கம் வரை லத்தீன் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் தலைமையில் நடந்த போராட்டத்தின் கோரிக்கைகளில், அரிப்பை முறையாக ஆராய வேண்டும் என்பதும் ஒன்றாக இருந்தது. அக்கோரிக்கை நியாயமானது, வீடிழந்தவர்களுக்கு விளக்கம் பெறும் உரிமை உண்டு. கட்டுமானத்தால் விழிஞத்துப் பாறைகளில் மூழ்கிச் சிப்பி எடுத்தவர்களின் தொழிலும் பாதிக்கப்பட்டது. அவர்களுடைய தந்தையரும் அதே பாறைகளில் மூழ்கியவர்கள். அரிப்பைத் தடுக்கக் கரையெங்கும் கருங்கல் கொட்டிக் கடற்சுவர் எழுப்பும் பழக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். சுவர் பின்னாலுள்ள வீட்டைக் காக்கலாம். முன்னாலுள்ள மணலைக் காப்பதில்லை, அலை சுவரில் மோதித் திரும்பி மணலை மேலும் அரிக்கிறது. சுவரெழுந்த கரையில் வள்ளம் ஏற்ற இடமில்லை, கரைமடி இழுக்க இடமில்லை, ஈரக் கையோடு அமர இடமில்லை. மணல் திரும்பி வரும் பருவ ஒழுங்கு அங்கே அறுபட்டுவிடுகிறது.

கடற்கரையை மக்களுக்கென விட்டுவைப்பது அரசின் கடமை என்ற எண்ணம் அயல்நாட்டிலும் ஆழமான உதாரணம் உடையது. கொழும்பின் காலிமுகத்திடலில் நடைபாதையை 1859இல் நிறைவு செய்த ஆளுநர் சர் ஹென்றி வார்டு, நகரத்துப் பெண்கள், குழந்தைகளின் நலன் கருதி அதைப் பேணுமாறு தமக்குப் பின் வரும் ஆளுநர்களுக்குப் பரிந்துரைத்துக் கல்வெட்டு நாட்டினார். காலனிய அதிகாரியின் சொல்லானாலும், ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையிடம் கரையை ஒப்படைக்கும் அந்த முறை மதிக்கத்தக்கது. தலைமுறைகளாகத் தமிழ், சிங்கள, முஸ்லிம் குடும்பங்கள் மாலைப் பொழுதில் அத்திடலில் அமர்ந்து பட்டம் விட்டதை எண்ணினால், அந்தக் கல் எத்தனை பெற்றோர் நினைவுகளைக் காத்திருக்கிறது என்பது விளங்கும்.

இந்தியச் சட்டத்திலும் அதற்கு இடம் இருக்கிறது. 1991 பிப்ரவரியில் வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு, உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது பெருநீர் ஏறும் எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரையிலான நிலத்தைக் கட்டுப்பாட்டுக்கு உட்படுத்தி, ஊரகப் பகுதிகளில் 200 மீட்டரைக் கட்டுமானமற்ற பகுதியாக வைத்தது. 2019ஆம் ஆண்டு அறிவிப்பு, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகப் பகுதிகளில் அதை 50 மீட்டராகக் குறைத்தது. மீனவர் வீடு கட்டிக்கொள்ள இத்தளர்வு உதவும் என்பது ஒரு வாதம். நெருக்கம் மிகுந்த கேரளக் கடலோரத்தில் அந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அதே தளர்வின் வழியாக விடுதிகளும் கடலை நெருங்கும்போது, பொதுவழி என்னவாகும் என்பதை யாரேனும் கண்காணிக்க வேண்டும். 1991 அறிவிப்பின் இணைப்பிலேயே, மக்கள் கடலுக்குச் செல்ல ஏதுவாக இரண்டு கடற்கரை விடுதிகளுக்கு இடையே குறைந்தது 20 மீட்டர் அகலமான இடைவெளி விடப்பட வேண்டும் என்ற விதி எழுதப்பட்டுள்ளது. அதிகம் பேசப்படாத இந்த விதியே, சொவ்வரை மேட்டிலிருந்து கீழே இறங்கும் ஒற்றையடிப் பாதைகளுக்கு உயிர்நாடி.

கோட்டுகாலின் மேட்டிலிருந்து கடலுக்கு இறங்கும் பாதைகள், வள்ளம் ஏற்றும் துறைகள், கரைமடி இழுக்கும் இடங்கள், வாவு நாளில் மக்கள் அமரும் பாறைகள், கடலோரக் கல்லறைகள் ஆகிய அனைத்தையும் பெயரோடும் அகலத்தோடும் எந்தெந்தப் புரயிடங்களுக்கு, அதாவது வீட்டு மனைகளுக்கு, இடையே செல்கிறது என்ற விவரத்தோடும் ஊராட்சிப் பதிவேட்டில் ஏற்றுவது உடனடியாகச் செய்யத்தக்க பணி. 1960களிலும் 70களிலும் பெற்றோர் கைப்பிடித்து அப்பாதைகளில் இறங்கியவர்கள் இன்று முதியவர்கள். எது பொதுவழி, எது பிற்காலத்தில் அடைக்கப்பட்டது என்று சாட்சி சொல்லத் தகுந்தவர்கள் அவர்களே. பதிவேட்டில் ஏறிய வழியை வேலியிட்டு மூடுவது எளிதன்று. ஏறாத வழி ஓர் இரவில் மறைந்துவிடும். 1994ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி கூடும் கிராமசபையில் இதற்கான தீர்மானத்தை எந்த வாக்காளரும் எழுந்து முன்மொழியலாம்.